வீட்டில் கேட்டு உறுதி செய்யப்பட்டது

வெங்கடநாராயணன் இறந்துபோனதை முதலில் எழுதியவர் ‘புயல்நேசன்’ என்ற பெயரில் வலைப்பதிவு நடத்தும் ஒருவர். ஊர் துபாய். வெங்கடநாராயணனை அவர் பார்த்ததில்லை, பேசியதில்லை. ‘வலையுலகின் பீஷ்மர் சாய்ந்தார்’ என்று தலைப்புப் போட்டிருந்தார். அதன் கீழே யாரோ ஒரு கிழவரின் படம். பிறந்த ஊர் கும்பகோணம் என்று எழுதியிருந்தார். பிறந்தது கொல்கத்தா பவானிபூரில். வயது எழுபத்தைந்து என்று எழுதியிருந்தார், அறுபத்தொன்பது. இரண்டு மகன்கள் கதறுகிறார்கள் என்று எழுதியிருந்தார். இருப்பது ஒரே மகள், மாதவி. அவள் கதறவில்லை. அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் கம்ப்யூட்டரில் இதைப் படித்துக்கொண்டிருந்தாள். 2007 டிசம்பர், அவர் போய் ஆறாம் நாள், காலை பத்து மணி.

ஏழு வரியில் நான்கு பிழை. மாதவிக்கு பெங்களூரில் மென்பொருள் சோதிக்கும் வேலை. பிழையைக் கண்டால் எண்ணிவிடுவாள். துக்கத்திலும் அது நிற்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்குள் பதினாறு பேர் எழுதிவிட்டார்கள். பதினாறிலும் அதே கிழவர், அதே கும்பகோணம், அதே இரண்டு மகன்கள். ஒருவர் ‘எத்தனையோ முறை அவரோடு தொலைபேசியில் அளவளாவியிருக்கிறேன்’ என்றிருந்தார். வீட்டு எண் அப்பாவின் பதிவில் வலது ஓரத்திலேயே மூன்று வருடமாக இருந்தது. ‘தகவல் சரிபார்க்க’ என்று போட்டு, கீழே எண். அதில் அன்றுவரை ஒரு பதிவரும் அழைத்திருக்கவில்லை.

செய்தி என்னவோ சரிதான். யாரோ சொன்னதை வைத்து, குருட்டாம்போக்கில் சரி. அதைச் செய்தி என்று அப்பா ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

*

அவர் முப்பத்தாறு வருடம் ஒரு செய்தி நிறுவனத்தின் டெலிபிரிண்டர் அறையில் இருந்தவர். கொல்கத்தாவில் டல்ஹௌசி பக்கம், மூன்றாவது மாடி, ஜன்னல் திறக்காத அறை. பன்னிரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கும். அங்கே பேசினால் காதில் விழாது. அதனால் வீட்டிலும் சத்தமாகவும் சுருக்கமாகவும்தான் பேசுவார். செய்தி எழுதுவது நிருபர், திருத்துவது ஆசிரியர் மேசை, கம்பியில் அனுப்புவது இவர். அனுப்பிய மறுகணம் அது நாடெங்கும் பத்திரிகை அலுவலகங்களில் அச்சாகி விழும். பிடித்து இழுக்க முடியாது. ஆகவே அனுப்புமுன் இரண்டு கேள்வி கேட்பார். ‘யார் சொன்னது?’ ‘வேறு யார் சொன்னது?’ சாவுச் செய்தி என்றால் மூன்றாவதாக ஒன்று: ‘வீட்டில் கேட்டாயா?’

1991-ல் ஒரு நாள் பிற்பகல், டாலிகஞ்ச் ஸ்டூடியோக்களில் நடித்துக்கொண்டிருந்த பழைய நடிகர் ஒருவர் காலமானார் என்று மேசையிலிருந்து தாள் வந்தது. நிருபரே ஸ்டூடியோவில் கேட்டு எழுதியது. வெங்கடநாராயணன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடிகரின் வீட்டு எண்ணைத் தேடினார். மேலதிகாரி வந்து கத்தினார். போட்டி நிறுவனம் அனுப்பியாகிவிட்டது, நாம் நாற்பது நிமிஷம் பின்தங்கிவிட்டோம் என்றார். கடைசியில் லைன் கிடைத்தது. மறுமுனையில் எடுத்தவர் நடிகரே.

“ஆமி தோ பேச்சே ஆச்சி!” நான் உயிரோடுதானே இருக்கிறேன் என்று வங்க மொழியில் கத்திவிட்டு, “நீ யாரப்பா?” என்றாராம்.

“கன்ஃபர்ம் பண்ணத்தான் கூப்பிட்டேன். தேங்க்ஸ்,” என்று இவர் வைத்துவிட்டார்.

இந்தக் கதையை ஆயுளில் ஐந்நூறு தடவையாவது சொல்லியிருப்பார். மாதவிக்குப் பதினாலு வயதிலேயே மனப்பாடம்.

தவறே நடக்காத அறை அல்ல அது. தவறு போய்விட்டால் அதற்கு ஒரு முறை இருந்தது. அதன் பெயர் கில். அதே கம்பியில், அதே ஆட்களுக்கு, மூன்று தடவை கில் என்று அடித்து, எந்தச் செய்தி, எத்தனை மணிக்குப் போனது என்று சொல்லி, ரத்து செய்ய வேண்டும். கடைசி வரியில் காரணம். காரணம் எழுதாத கில்லை வெங்கடநாராயணன் தொடவே மாட்டார். “வெறுமே ரத்துன்னா எவன் நம்புவான்? நேத்திக்கும் பொய், இன்னிக்கும் பொய்னுதானே நினைப்பான்?” 1993-ல் அவரே ஒரு ரயில் விபத்துச் செய்தியில் ஊர்ப் பெயரை மாற்றி அடித்துவிட்டார். அவரே கில் அனுப்பினார். காரணம்: என் கவனக்குறைவு, வெ.நா. அந்தத் துண்டுத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். பாராட்டுப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டார்.

1995-ல் இயந்திரங்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். அடுத்த வருடம் இவரும் ஓய்வு பெற்றார்.

*

அப்புறம் ஏழு வருடம் அவருக்குச் செய்தியே இல்லை. காலையில் படியிறங்கினால் கீழ் வீட்டு மித்ரா பாபு வாசலில் நின்றுகொண்டு, “கீ கபர், பெங்கட்-தா?” என்பார். என்ன செய்தி என்று அர்த்தம்; வங்காளிக்கு அது ‘சௌக்கியமா’ மாதிரி. வெங்கட் என்பது அந்த ஊர் வாயில் பெங்கட் ஆகிவிடும், தா என்றால் அண்ணா. இவர் தினமும் ஒரே பதில்தான் சொல்வார்: “இன்னும் கன்ஃபர்ம் ஆகலை.”

2003-ல் மாதவி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தாள். அடுத்த வருடம் லீவில் வந்தபோது தமிழில் தட்டச்சு செய்யக் காட்டிக்கொடுத்து, ஒரு வலைப்பதிவும் ஆரம்பித்துக் கொடுத்தாள். மனுஷர் ஒரு மூலையில் சும்மா கிடக்கட்டும், அம்மாவைத் தொந்தரவு பண்ணாமல் இருக்கட்டும் என்பதற்கு மேல் அவளுக்கு ஒரு நோக்கமும் கிடையாது.

“பேர் கேக்கறது. என்ன போடட்டும்?”

“கபர்.”

“அப்பா, தமிழ்ல கபர்னா சமாதி. முஸ்லிம்கள் சொல்வா. கபர்ஸ்தான்னு கேட்டதில்லை?”

“இருக்கட்டுமே. இங்க எழுதறதெல்லாம் கடைசியில அங்கதானே போறது.”

கபர் என்றே போட்டாள்.

அப்போது தமிழில் பதிவு எழுதுகிறவர்கள் சில நூறு பேர் இருந்தார்கள். எல்லாருடைய பதிவுகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் திரட்டி ஒன்று இருந்தது. யார் புதிதாக எழுதினாலும் அது மேலே வந்துவிடும். வெங்கடநாராயணன் காலை ஆறு மணிக்கு அதைத் திறப்பார். ஒன்றுவிடாமல் படிப்பார். பதினொன்றரைக்குள் தன் பதிவைப் போடுவார். மூன்றே தலைப்பு, நாள்தோறும் அதே வரிசை. பதிவர்கள் இன்று எதைப்பற்றிச் சத்தம் போடுகிறார்கள் என்பதன் சுருக்கம்.

தொழில்நுட்பம்: பக்கத்தின் வார்ப்புருவை மாற்றிவிட்டதாக நால்வர் அறிவிப்பு. எழுத்தில் மாற்றம் காணப்படவில்லை.

கலாசாரம்: வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு வியாழனன்றே ஒருவர் விமர்சனம். பார்த்த ஒருவர் மௌனம்.

செய்தி: கொல்கத்தா வெள்ளத்தில் மூழ்கியது என்று துபாயிலிருந்து புயல்நேசன். பவானிபூரில் இறங்கி அளந்தேன். கணுக்கால்.

இவ்வளவுதான். திட்டமாட்டார், வாதாடமாட்டார். பெயரைப் போட்டு அளவைப் போடுவார். அதுவே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. சமாதித் தாத்தா என்றார்கள். ‘பெரிசு, உமக்கு வேற வேலை இல்லையா?’ என்று பெயரில்லாத அனானிகள் பின்னூட்டம் இட்டார்கள். எதை எழுதினாலும் முதலில் ஓடிவந்து ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று போட்டுவிட்டு, படிக்காமலே போகிற கூட்டம் ஒன்று இருந்தது. அதை மட்டும் அவர் வெளியிடவே மாட்டார். ‘நிராகரி’ என்ற பொத்தானை அமுக்குவார். “கியூவுல நிக்கறதுதான் இவாளுக்குச் சாதனை, மாதவி. எதுக்குக் கியூன்னே தெரியாது.”

ஆனாலும் ஒரு நாள் அவர் எழுதாவிட்டால் பின்னூட்டத்தில் கேட்டார்கள். நாளுக்கு நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். சண்டை முற்றினால், ‘கபரில் என்ன போட்டிருக்கிறார்?’ என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கல்லை எறிந்தார்கள். உடலில் வெட்கம் என்ற உறுப்பே இல்லாத அந்தக் கூட்டம், ஒரு கிழவரை மட்டும் கடிகாரம் மாதிரி நம்பியது.

மாதவி நம்பவுமில்லை, படிக்கவுமில்லை. வாரத்துக்கு இருமுறை போனில் அவர் புள்ளிவிவரம் சொல்வார். அவள் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு வேறு வேலை பார்ப்பாள். ‘ஆமாம்பா’ என்று எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குப் பழகிவிட்டது.

*

2007 மார்ச் 14, புதன்கிழமை. திரட்டியின் முதல் பக்கம் முழுவதும் கறுப்பு.

சுலோசனா என்று பெங்களூரில் ஒரு பதிவர். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பஸ்ஸில் கேட்ட பேச்சு, அடுப்பில் தீய்ந்த பொரியல், இப்படி எழுதுவார். எல்லாருக்கும் ‘சுலோசனாம்மா’. ஒரு வாரமாக அவர் எழுதவில்லை. புயல்நேசனிடம் அவர் வீட்டு எண் இருந்தது. துபாயிலிருந்து அழைத்தார். வேலைக்கார அம்மாள் எடுத்தாள். “அம்மா இல்லீங்க” என்றாள். புயல்நேசன் போனை வைத்துவிட்டு அழுதார். அழுது முடித்து எழுதினார். விடிவதற்குள் முப்பது பேர் எழுதிவிட்டார்கள். கவிதைகள் வேறு.

வெங்கடநாராயணன் தலையில் அடித்துக்கொண்டார். “இல்லைன்னா என்ன அர்த்தம்னு கேட்டானா இவன்? வெளியில போனாலும் இல்லை, செத்தாலும் இல்லை. நம்ம பாஷையில அது ரெண்டாவது கேள்வி கேட்டாத்தான் தெரியும்.” புயல்நேசனிடம் எண் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வரவில்லை. புயல்நேசன் துக்கத்தில் இருந்தார்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மாதவிக்குப் போன் செய்தார். காலை ஒன்பதரை.

“சுலோசனாம்மாவோட மாப்பிள்ளை உன் ஆபீஸ்னு ஒருதரம் சொன்னியே?”

“தினேஷ்குமார். மூணாவது மாடி. லிஃப்ட்டுல பாத்திருக்கேன். ஏன்?”

“அவா போயிட்டான்னு ஊரெல்லாம் எழுதிண்டிருக்கு. ஒரு நடை கீழ போய்க் கேட்டுட்டுச் சொல்லேன்.”

“அப்பா, இன்னிக்கு எனக்கு ரிலீஸ். தலைக்கு மேல வேலை.”

“ரெண்டு மாடிதானே.”

“நீங்க போடாட்டா என்ன ஆயிடும்? நாலு பேர் படிக்கறதுக்கு இந்தப் பாடா?”

“நூத்திப் பத்து பேர். வீட்டுல கேக்காம நான் போட மாட்டேன், மாதவி.”

“சரி சரி, கேக்கறேன்.”

பதினொன்றேகாலுக்கு மறுபடி அழைத்தார். அவள் கூட்டத்தில் இருந்தாள். எதிரே எட்டுப் பேர். வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

“கேட்டியா?”

“கேட்டேம்பா. ஆமாம்.”

“அவரையேவா?”

“அவரையேதான்.”

“எத்தனை மணிக்காம்?”

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, யோசிக்கவுமில்லை. “காலம்பற நாலு மணி.”

“அடடா,” என்றார். “நன்னா எழுதுவா. சரி, நீ வேலையைப் பாரு.”

மாதவி வேலையைப் பார்த்தாள். முப்பது பேர் எழுதியிருக்கிறார்களாம், பொய்யாகவா இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சோதித்துப் பார்க்காமல் எதையும் வெளியே விடாதே என்று சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்குச் சொல்கிற பெண், இரண்டு மாடி இறங்கவில்லை.

11.52-க்குப் பதிவு வெளியானது. ‘சுலோசனா அம்மையார் இன்று காலை நான்கு மணிக்கு பெங்களூரில் காலமானார். வீட்டில் (மருமகன்) கேட்டு உறுதி செய்யப்பட்டது.’

இரண்டரைக்குத் தினேஷ்குமாரின் பின்னூட்டம் வந்தது. ‘என் மாமியார் நலமாக இருக்கிறார். கண்ணில் புரை நீக்கியிருக்கிறார்கள். பத்து நாள் திரையைப் பார்க்கக் கூடாது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நான்கு மணி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?’

அதன்பின் நடந்ததைச் சொல்ல அருவருப்பாக இருக்கிறது. முப்பது கறுப்புப் பக்கங்களும் ஒரு மணி நேரத்தில் காணாமல்போயின. கவிதைகளும் போயின. எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அழித்துவிட்டால் எழுதவே இல்லை என்பது அவர்கள் சாத்திரம். மிச்சம் நின்றது ஒரே பதிவு. ‘உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதியதும் அது ஒன்றுதான். அத்தனை பேரும் அந்த ஒன்றின்மேல் விழுந்தார்கள். ‘கபர் என்று பெயர் வைத்தவர் உயிரோடு இருப்பவரையும் உள்ளே தள்ளத்தானே செய்வார்?’ ‘நாலு மணிக்கு எமனோடு டீ குடித்தீரா பெரிசு?’ புயல்நேசன் ‘பொறுப்பற்ற முதியவர்கள்’ என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதற்கு அறுபத்திரண்டு பின்னூட்டம்.

மாலை ஆறு மணிக்கு அப்பா அழைத்தார். குரலில் சத்தம் இல்லை.

“மாதவி, நீ கேட்டியா?”

உண்மை சொல்ல அவளுக்கு அப்போதும் இடம் இருந்தது.

“கேட்டேம்பா. அவர்தான் இப்ப மாத்திப் பேசறார்.”

“சரி,” என்றார்.

அன்று கபரில் கடைசிப் பதிவு வந்தது.

கில் கில் கில்.
இன்று 11.52-க்கு வெளியான பதிவு ரத்து. சுலோசனா அம்மையார் நலம்.
தவறு என்னுடையது.
காரணம்:

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. இரண்டு புள்ளி, வெற்றிடம். அதையும் கேலி செய்தார்கள். ‘காரணம் சொல்லக்கூடத் துப்பில்லை.’

மனைவி ஜகதாம்பாளிடம் அவர் வேறு மாதிரி சொன்னார். “மெஷின் சத்தத்துல காது போச்சு. பொண்ணு என்னமோ சொன்னா, எனக்கு என்னமோ விழுந்தது.” ஜகதாம்பாள் அதையே மித்ரா பாபுவிடமும் லேக் மார்க்கெட்டில் பார்த்தவர்களிடமும் சொன்னாள். ஈஎன்டியிடம் கூட்டிப்போனாள். இவரும் வாயைத் திறக்காமல் போனார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் வயதுக்கு இது பரவாயில்லை என்றார்.

அக்டோபரில் துர்கா பூஜை லீவுக்கு மாதவி வந்தாள். கம்ப்யூட்டர்மேல் துண்டு போட்டு மூடியிருந்தது.

“எழுதறதில்லையாப்பா?”

“செய்தி ஒண்ணும் இல்லையே.”

நான்கு நாள் இருந்தாள். மாடியில் நின்று பந்தல் விளக்கு பார்த்தார்கள். அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. டிசம்பர் 4, காலை ஏழேகாலுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி வருமுன் முடிந்துவிட்டது. அந்த நேரத்தை மாதவி அம்மாவிடம் இரண்டுமுறை கேட்டுக்கொண்டாள்.

*

ஆறாம் நாள் பிற்பகல். புயல்நேசனின் பீஷ்மர் கட்டுரைக்குக் கீழே நாற்பது பின்னூட்டம் சேர்ந்திருந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற இரண்டு சொல்லையே முப்பது பேர் ஒட்டியிருந்தார்கள். முப்பத்தொன்றாவது ஓர் அனானி. ‘வீட்டில் கேட்டு உறுதி செய்யப்பட்டதா? ஹி ஹி.’

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. மாதவி எடுத்தாள்.

“வெங்கடநாராயணன் சார் வீடுங்களா? நான் பெங்களூர்லேருந்து சுலோசனா பேசுறேன். சார் இருக்காங்களா?”

“அப்பா இல்லை.”

“தப்பா எடுத்துக்காதம்மா. இல்லைன்னா… வெளியே போயிருக்காங்களா?”

மாதவி சொன்னாள். “இல்லம்மா. செவ்வாய்க்கிழமை காலையில தவறிட்டார். ஏழேகால் மணிக்கு.”

“நீங்க?”

“பொண்ணு. மாதவி.”

“எழுதியிருந்தாங்க, பார்த்தேன். இவங்க எழுதினா நம்பக் கூடாதேன்னுதான் கூப்பிட்டேன். வீட்டில கேக்கணும்னு சார்தானே சொல்லுவாங்க.” மூக்கை உறிஞ்சினார். “அன்னிக்கு என்னைச் சாகடிச்சாங்களே, அதுக்கப்புறம் நான் சாருக்கு மெயில் போட்டேன். எனக்கு ஆயுசு கூடிடுச்சுன்னு கிண்டலாத்தான் எழுதினேன். பதில் போட்டாங்க. ஒரே வரி. ‘காரணத்தைத் தங்களிடம்கூடச் சொல்ல இயலாத நிலையில் இருக்கிறேன், பொறுத்தருள வேண்டும்’னு. எனக்கு ஒண்ணும் புரியல. விடுங்க சார்னு எழுதினேன். அவங்க விடலைபோல இருக்கு.”

மாதவி போனை வைத்தாள். சமையலறை வாசலில் ஜகதாம்பாள் நின்றுகொண்டிருந்தாள்.

“யாருடி?”

“சுலோசனாம்மா.”

“பாவம், இவர் காது கேக்காம அவாளைப் போய்…”

“அப்பா காது நன்னாத்தான் இருந்ததும்மா.”

“என்னடி சொல்றே? அவரே சொன்னாரே.”

“நான் கேட்டதா சொன்னேன். கேக்கலை. நாலு மணின்னு நானா சொன்னேன். சாயங்காலம் மறுபடி கேட்டார். அப்பவும் பொய் சொன்னேன்.”

ஜகதாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மணைமேல் உட்கார்ந்தாள். “அவருக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப அந்த ஈஎன்டிகிட்ட எதுக்கு வந்தார்?” என்றாள். பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, “எழுது,” என்றாள். “ஊர் பூராக் காது செவிடுன்னு நானே சொல்லிண்டு திரிஞ்சேனே. போய் எழுது.”

பதிவின் கடவுச்சொல் மாதவி போட்டுக்கொடுத்ததுதான். அவர் மாற்றவில்லை. மார்ச் 14-ஆம் தேதிப் பதிவைத் திறந்தாள். ‘காரணம்:’ என்ற இடத்தில் கர்சர் நின்று மின்னியது. அங்கேயே நிரப்பிச் சேமித்துவிடலாம். பழைய பதிவைத் திருத்தினால் திரட்டி மேலே கொண்டுவராது. ஒருவர் கண்ணிலும் படாது. எழுதியும் ஆயிற்று, ஒளித்தும் ஆயிற்று. பெங்களூரில் லிஃப்ட்டில் தினேஷ்குமாரைப் பார்த்தால் வழக்கம்போலத் தலையசைக்கலாம்.

அதே கம்பி, அதே ஆட்கள். அப்பாவின் விதி அது. பழைய பதிவை மூடிவிட்டுப் புதியதைத் திறந்தாள்.

கில் கில் கில்.
2007 மார்ச் 14-இல் இங்கே வெளியான மறுப்பில் ‘தவறு என்னுடையது’ என்ற வரி ரத்து. தவறு வெங்கடநாராயணனுடையது அல்ல.
காரணம்: வீட்டில் கேட்கச் சொல்லி அவர் அனுப்பிய ஆள் கேட்கவில்லை. கேட்டதாக இருமுறை பொய் சொன்னாள். நான்கு மணி என்பதும் அவள் சொன்னது. அந்த ஆள் அவர் மகள்; மருமகனின் அலுவலகத்திலேயே இரண்டு மாடி மேலே வேலை பார்ப்பவள்.
வெங்கடநாராயணன் 2007 டிசம்பர் 4, காலை 7.15-க்குக் காலமானார். பிறந்தது பவானிபூர். வயது 69. வீட்டில் கேட்டு உறுதி செய்யப்பட்டது.
– மாதவி

மூன்று தடவை படித்தாள். எழுத்துப் பிழை இல்லை. வெளியிட்டாள். திரட்டியில் முதல் வரியாக ஏறியது.

இருபது நொடியில் ஒரு பின்னூட்டம் அனுமதிக்காகக் காத்து நின்றது. ‘மீ த ஃபர்ஸ்ட்டு!!!’

நிராகரி.

ஏழு நிமிஷம் கழித்து அடுத்தது வந்தது. பெயர் தினேஷ்குமார். ‘இரண்டு மாடிதானே. இறங்கி வந்து கேட்டிருக்கலாம்.’

அதை வெளியிட்டாள்.